அந்த நேரத்தில் நான் ஸ்டேஷனில் இல்லை

நான் ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர். என் பணிக்காலத்தில் விசாரணைக்கு வந்த எவர் மீதும் நான் கை வைத்ததில்லை. பிரிவு உபசார விழாவில் மைக்கைப் பிடித்து இதைச் சொன்னேன். கைதட்டினார்கள். என் மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் அது பொய். ஏன் பொய் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. முழுவதையும் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

ஊர்ப்பெயரை எழுதவில்லை. என்னால் வாழ்க்கை கெட்டுப்போன இருவர் இன்றும் அந்தப் பக்கத்தில்தான் வாழ்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்களை அடையாளம் காட்ட எனக்கு உரிமையில்லை.

முதலில் எனக்கு எதன் மீது பயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை எஸ்.பி. அலுவலகத்தில் கிரைம் மீட்டிங் நடக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு தாள். பதிவான வழக்கு எத்தனை, கண்டுபிடித்தது எத்தனை, மீட்ட பொருள், அதாவது ரெக்கவரி, எவ்வளவு என்று அதில் இருக்கும். எண் குறைந்தால் எழுந்து நிற்க வேண்டும். தலை நரைத்த ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல நின்று வசவு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் நின்றிருக்கிறேன். அரிவாளோடு வந்தவனிடம் போகும்போது எனக்கு அவ்வளவு பயம் இருந்ததில்லை. அந்த அறையில், மற்ற ஆய்வாளர்களுக்கு முன்னால் நிற்பதற்குப் பயந்தேன். பயம் என்று இதைச் சொல்கிறேன். உள்ளே பார்த்தால் அது கௌரவம்தான்.

அந்தத் தாளை அழகாக்க நான் சுலபமான வழியைப் பிடித்தேன். புகாரை வழக்காகப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பினேன். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் சுற்றறிக்கையில் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டவன் நான். அதற்குப் பிறகும் செயினைப் பறிகொடுத்து வந்த பெண்களிடம், ‘கீழ விழுந்து காணாமப் போச்சுன்னு எழுதிக் குடும்மா’ என்று சொல்லியிருக்கிறேன். வழக்கு இல்லையென்றால் கண்டுபிடிக்காத வழக்கும் இல்லை. என் ஸ்டேஷன் எல்லையில் குற்றம் குறைந்துவிட்டது என்று பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இதைவிடக் கொடியது ரெக்கவரி. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. ஆனால் 27-ஆம் பிரிவு ஒரு விலக்கு கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருள் கிடைக்கக் காரணமான பேச்சு மட்டும் செல்லும். இன்றைய புதிய சட்டத்தில் இரண்டும் 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன. விதி மாறவில்லை. ஸ்டேஷனில் விழும் அடியில் பெரும்பகுதி இந்த விலக்குக்காக விழுவது. ‘நீதானே எடுத்தாய்’ என்று கேட்டு அடிப்பதில்லை. ‘நகை எங்கே’ என்று கேட்டு அடிப்பார்கள். எடுக்காதவனிடம் அந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. அதனால் எடுக்காதவனுக்குத்தான் அடி அதிகம்.

இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அன்றைக்குச் செய்தேன்.

ஊரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் வீட்டில் நகை காணாமல் போனது. ஆளுங்கட்சிக்காரர்களுக்கு வேண்டியவர். யார் மேல் சந்தேகம் என்று கேட்டேன். வீட்டு விசேஷத்துக்குச் சமையல் செய்ய வந்தவர்களில் ஓர் இளைஞனைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ஏன் அவன் என்று கேட்டேன். ‘மத்தவங்க எல்லாம் தெரிஞ்சவங்க சார்’ என்றார். அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டேன். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. சி.எஸ்.ஆர். மட்டும். நகை கிடைத்த பிறகு வழக்குப் போட்டால் பதிந்த அன்றே கண்டுபிடித்த கணக்காகும். கிடைக்காவிட்டால் தாளில் ஏறாது.

மறுநாள் டி.எஸ்.பி. போனில் கூப்பிட்டார். ‘என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. திங்கக்கிழமை மீட்டிங்குக்கு முன்னாடி ரெக்கவரி வேணும்.’

காவல்துறையில் இருந்த எல்லாரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். இதில் அடி என்ற சொல் கிடையாது. சட்டத்தை மீறு என்ற சொல்லும் கிடையாது. நாளைக்கு விசாரணை வந்தால் சொன்னவரை இதை வைத்துப் பிடிக்க முடியாது. ‘தெரியாது’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போனை வைத்துவிட்டு கிரைம் டீம் ஏட்டைக் கூப்பிட்டேன். அதே வாக்கியத்தைச் சொல் மாறாமல் அவரிடம் சொன்னேன். மேலே இருப்பவர் என்னை மாட்டவைக்கிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, எனக்குக் கீழே இருப்பவரை மாட்டவைத்தேன்.

இரவு பதினொரு மணி இருக்கும். மஃப்டியில் போன கிரைம் டீம் அவனை அழைத்து வந்தது. அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருந்தான். பனியன், கட்டம்போட்ட கைலி. முழங்கைக்குக் கீழே மைதா காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னான். ‘சார், அம்மாவுக்குச் சொல்லணும் சார். கடை விட்டு நான் போனாத்தான் அது சாப்பிடும்’ என்றான்.

அவன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே சுவரில் ஒரு பலகை. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த கட்டளைகள், பதினொன்றும் அதில் தமிழில் எழுதப்பட்டிருந்தன. கைதானவரின் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் கேட்டால், உடலில் காயம் உண்டா இல்லையா என்று பரிசோதித்துக் குறிக்க வேண்டும். நான் பொறுப்பேற்ற புதிதில் அந்தப் பலகை வெளிறிப்போயிருந்தது. பெயின்டரை வரவழைத்துப் புதிதாக எழுத வைத்தவனே நான்தான். பலகைக்குக் கீழே நின்று, ‘விசாரிச்சிட்டு அனுப்பிருவாங்கப்பா’ என்றேன்.

அப்போது ஏட்டு என்னைப் பார்த்தார். ‘அய்யா ரவுண்ட்ஸ் போறீங்களா?’ என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் என் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டது என் பயணத்தைப் பற்றி இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘இல்லை, இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். ‘காலையில் வரச் சொல்லி அனுப்புங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். எதற்கும் யார் அனுமதியும் தேவையில்லை. ஸ்டேஷன் என் பொறுப்பில் இருந்தது. நான் ‘ஆமா’ என்றேன். தொப்பியை எடுத்தேன். இரவு ரோந்து என்று ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் எழுதச் சொன்னேன். ஜீப்பில் ஏறினேன்.

பைபாஸில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் எதுவும் பேசவில்லை. வயர்லெஸ்ஸில் என் ஸ்டேஷன் கூப்பிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. டீ வாங்கிக் குடித்தேன். லாரிகளை நிறுத்தி ஆர்.சி. புத்தகம் கேட்டேன். வேலை பார்ப்பதாக எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்று நினைக்காமல் இருக்க முயன்றேன் என்று எழுதினால் அது பொய். நினைத்தேன். ‘எதுவும் பெரிசா ஆகிடக் கூடாது’ என்று நினைத்தேன். அவனுக்காக அல்ல, எனக்காக.

நான் ஏன் போனேன்? நாளைக்கு யார் கேட்டாலும் ‘அந்த நேரத்தில் நான் ஸ்டேஷனில் இல்லை’ என்று சொல்ல வேண்டும். அதற்காகப் போனேன். என் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அகங்காரமும் சேர்ந்துகொண்டது. அடிக்கிற அதிகாரிகளைக் கீழ்த்தரமாக நினைத்தவன் நான். அவர்கள் அடித்துக் கிடைத்த ரெக்கவரியை மட்டும் என் பெயரில் எழுதிக்கொண்டேன். நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் அவன் மேல் ஒரு அடி விழுந்திருக்காது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நான் ஜீப்பில் ஏறியதுதான் அவர்களுக்கு உத்தரவு.

விடிவதற்கு முன் திரும்பினேன். ரைட்டர் அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். வலது கையை மடியில் வைத்து இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். மணிக்கட்டு வீங்கி, கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே, ‘கீழ விழுந்துட்டேன் சார்’ என்றான். யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நகை கிடைக்கவில்லை. கிடைக்க வழியில்லை. அவன் எடுக்கவில்லை.

இந்த இடத்தோடு என் தவறு முடிந்திருந்தால்கூட, பயத்தில் செய்த கோழை என்று என்னைச் சொல்லலாம். அதற்குப் பிறகு நான் செய்தது நிதானமாக யோசித்துச் செய்தது.

பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டில் அந்த வரியை அறியாதவர்கள் இல்லை. கையில் மாவுக்கட்டோடு நிற்கும் ரவுடிகளின் படத்தைப் பார்த்து மக்கள் சிரிக்கிறார்கள், போலீஸைப் பாராட்டுகிறார்கள். அந்தச் சிரிப்பை எங்களில் பலர் அனுமதியாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் என் கணக்குக்குப் பாத்ரூம் ஒத்துவரவில்லை. பாத்ரூம் என்றால் ஸ்டேஷனுக்குள் என்றாகிவிடும். அவன் இரவில் ஸ்டேஷனுக்கு வந்ததே இருக்கக் கூடாது. அதிகாலையில் பஸ் ஸ்டாண்டு அருகே சந்தேகத்துக்கு இடமாக நின்றான், போலீஸைக் கண்டு ஓடினான், பள்ளத்தில் விழுந்தான் என்று ஒரு 109 சந்தேகக் கேஸ் எழுதச் சொன்னேன். ஜி.டி.யில் ரைட்டர் எப்போதும் போல் சில வரிகளைக் காலியாக விட்டிருந்தார். அதை நிரப்பிக்கொண்டோம்.

ஒன்று மட்டும் இடித்தது. அன்றிரவு பாரா பணியில் இருந்தவர் ஒரு இளம் பெண் காவலர். பயிற்சி முடித்து வந்து அதிக நாளாகவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே பாரா நோட்டில் எழுதியிருந்தார். அவன் பெயர், அழைத்து வந்தவர்கள் பெயர், வந்த நேரம். கடைசியில் ‘உடலில் காயம் ஏதும் இல்லை’. உருண்டையான, அழகான எழுத்து.

‘உன்னை யாரும்மா இதெல்லாம் எழுதச் சொன்னா?’ என்று கேட்டேன்.

‘பாரா டூட்டில இருந்தேன் அய்யா. பார்த்ததை எழுதினேன்’ என்றார்.

புது நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாதத் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அதில் திருப்பி எழுதச் சொன்னேன், அந்த ஒரு பதிவைத் தவிர. அவர் அசையாமல் நின்றார். ‘தப்பில்லையா அய்யா’ என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. ‘கைக்குழந்தை வச்சிருக்க. ஆயுதப்படைக்குப் போயி ஊர் ஊரா பந்தோபஸ்து நிக்கணுமா?’ என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கண் கலங்கியது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். முடிக்க மதியம் ஆனது. அந்த வரி வந்துவிடக் கூடாதே என்று அவர் எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இரவில் அந்த இளைஞனுக்காக ஒரு மணி நேரம் ஸ்டேஷனில் உட்கார முடியாதவன், இதற்காக அரை நாள் உட்கார்ந்தேன்.

பழைய நோட்டை நானே எரித்தேன். அதோடும் விடவில்லை. அவர் என் எதிரில் நடமாடுவது எனக்குத் தாங்கவில்லை. மேலதிகாரியின் சொல்லுக்குக் கீழ்ப்படிவதில்லை, பணியில் மெத்தனம் என்று அவர் மேல் அறிக்கை அனுப்பினேன். ஒழுங்கு நடவடிக்கைக்கான 3(ஏ) மெமோ வந்தது. ஊதிய உயர்வு தள்ளிப்போனது. எதைச் சொல்லிப் பயமுறுத்தினேனோ அதே ஆயுதப்படைக்கு அனுப்பினார்கள். நான் சொன்னபடி எழுதியும் அவர் தப்பவில்லை. என்னை எதிர்த்து ஒரு வார்த்தை அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அவரை யார் நம்பியிருப்பார்கள்? நான் நல்ல பெயர் எடுத்த அதிகாரி.

நகை அடுத்த வாரமே ஒரு அடகுக்கடையில் இருப்பது தெரிந்தது. வைத்தவன் அந்த வீட்டாரின் உறவுக்காரப் பையன். ஜவுளிக்கடைக்காரர் வந்து, ‘குடும்ப விஷயம் சார், விட்டுடுங்க’ என்றார். சி.எஸ்.ஆரை முடித்தோம். நகைக்காகப் பரோட்டா மாஸ்டரைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு காகிதமும் இல்லாததால், அவன் நிரபராதி என்று சொல்லவும் ஒரு காகிதமும் இல்லை. ஊரில் அவன் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவன். அவ்வளவுதான்.

எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. பரோட்டாவை வீசுவது மணிக்கட்டு வேலை. அது போனால் மாஸ்டர் கிடையாது. அதே ஓட்டலில் டேபிள் துடைத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். சம்பளம் பாதிக்கும் கீழே. அவன் அம்மா ஒருநாள் ஸ்டேஷனுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். கேஸ் இருக்கா, கோர்ட்டுக்குப் போகணுமா என்று கேட்க வந்திருந்தார். ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ‘நல்லா இருங்கய்யா’ என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இன்று எனக்கு அதிக வெட்கம்.

பிறகு சாத்தான்குளம் செய்தி வந்தது. 2020 ஜூன் 19 அன்று அங்கே ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே போன அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். ஊரடங்கில் செல்போன் கடையை மூடுவது பற்றிய தகராறு. கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்ட மகன் 22-ஆம் தேதி இரவு இறந்தார். தந்தை 23-ஆம் தேதி அதிகாலை. அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் தான் பார்த்ததைச் சொன்னார். வெளியே சக போலீஸார் நின்றுகொண்டிருந்தார்கள். பயந்துகொண்டே சொன்னார், கையெழுத்தும் போட்டார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. நாடே அவரைப் புகழ்ந்தது. என் ஸ்டேஷனிலும் அப்படி ஒருவர் இருந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே உண்மையை எழுதிவைத்தார். அவரை நான் என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

சாத்தான்குளத்தில் சி.சி.டி.வி. பதிவு தினமும் தானாக அழியும்படி இருந்ததை நடுவரின் அறிக்கை சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில், எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் என்னைப் போன்றவர்களைக் கேமரா பிடிக்காது. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போவதை அது ஒழுங்காகப் பதிந்திருக்கும். எனக்குச் சாதகமான சாட்சியாகவே இருந்திருக்கும்.

2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்த செய்தியைப் படித்தேன். காரில் இருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார். தனிப்படை. நான் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே நடந்ததை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். முதலில் கைதானவர்கள் காவலர்கள். யார் உத்தரவில் தனிப்படை போனது என்று உயர் நீதிமன்றம் கேட்டது. முறையான உத்தரவில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. நான் ஆய்வாளராக இருந்தபோது என் கிரைம் டீமுக்கு எழுத்தில் ஒரு உத்தரவும் இருந்ததில்லை. மூன்று பேர், ஒரு பைக், என் வாய்ச்சொல். அந்த இளைஞன் இறந்திருந்தால் கைதாகியிருப்பவர்கள் அந்த மூன்று பேர். நான் சஸ்பெண்டு ஆகி, ஜி.டி.யைக் காட்டி, திரும்ப வந்திருப்பேன்.

எனக்குப் பழக்கமான ஆய்வாளர்கள் இதைப் படித்தால் சொல்லப்போவது தெரியும். ஆள் போதாது. தூக்கம் கிடையாது. காவலருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021-ல்தான் அரசாணை வந்தது, அதுவும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஸ்டேஷன் பொறுப்பாளருக்கு இரண்டு ஆண்டாவது ஒரே இடம் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, கட்சிக்காரர் முகம் சுளித்தால் இரண்டே மாதத்தில் மாற்றம் வருகிறது. எல்லாம் உண்மை. இவற்றையெல்லாம் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் அன்றிரவு என்னை ஜீப்பில் ஏற்றியது இவற்றில் எதுவும் இல்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க ஆள் பற்றாக்குறை தடையா? மாற்றல் வந்தால் வந்திருக்கட்டுமே. அதிகபட்சம் என் குடும்பம் வேறு ஊரில் வாடகை வீடு பிடித்திருக்கும். ஒருவன் கையோடு அதை நான் எடை போட்டேன். வாடகை வீடு கனமாகத் தெரிந்தது.

அந்தப் பெண் காவலர் இப்போது ஏட்டாக இருக்கிறார். அவரோடு சேர்ந்தவர்கள் முன்னாலேயே ஆகிவிட்டார்கள். நான் அனுப்பிய அறிக்கையின் பேரில் வந்த தண்டனை அவர் பணிப்பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. அந்த அறிக்கை பொய், அதை எழுதியவன் நான், காரணம் இது என்று மாவட்ட எஸ்.பி.க்கு மனு அனுப்பியிருக்கிறேன். நகல் அவருக்கும் போயிருக்கிறது. அவரிடமிருந்து பதில் இல்லை. பதில் சொல்ல அவருக்குக் கடமையும் இல்லை.

என் மனைவியிடம் சொன்னேன். ‘மேடையில அப்படிச் சொன்னீங்களே’ என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

அந்த இளைஞரிடம் இன்னும் போகவில்லை. அவருக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தைகள் இருப்பதாகக் கேள்வி. வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்டால் அது என் பாரத்தை இறக்கிவைக்கிற வேலை. அவர் வழக்குப் போட விரும்பினால் அன்றிரவு நடந்ததை நீதிமன்றத்தில் நான் சொல்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு இருந்தவர்கள், போனில் பேசியவர், 109 கேஸ், எரித்த நோட்டு எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் பாக்கி. பென்ஷன் நின்றுவிடுமோ, இந்த வயதில் கோர்ட் படி ஏற வேண்டுமோ என்ற பயம் இன்னும் என்னை விடவில்லை.